இரவல் கூறை

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் மாத்தளையில் இருக்கும் என் தங்கை மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மேசைமீது ஓர் அப்பியாசக் கொப்பி திறந்து கிடந்தது. பக்கத்தை ஆறாகக் கோடிட்டு, பரிசம், மெஹந்தி, நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு, மாப்பிள்ளை வீட்டு விருந்து என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் உடை, நிறம், நகை, விலை என எழுதியிருந்தார்கள். ஐந்து கட்டங்கள் நிரம்பியிருந்தன. மெஹந்தி என்ற கட்டம் மட்டும் பலமுறை அடித்துத் திருத்தப்பட்டு, கடைசியில் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"மாமா, நீங்களே சொல்லுங்கள். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. இது ஒன்றில்தான் தாய்க்கும் மகளுக்கும் மூன்று நாளாகப் பேச்சில்லை" என்றாள் மருமகள்.

விடயம் இதுதான். மெஹந்தி மாலைக்கு மணப்பெண்ணுக்குக் கிளிப்பச்சை நிறத்தில் லெஹங்கா, தோழியருக்கும் இரு வீட்டுப் பெண்களுக்கும் அதே பச்சையில் ஒரே மாதிரியான சேலை என்று தாய் முடிவு செய்திருந்தாள். கொழும்பு வெள்ளவத்தையில் விலையும் கேட்டாயிற்று. பணம் போதாதது அடகுக் கடையில் தீர்க்கப்படும். மகள் அதற்கு உடன்படவில்லை. மாப்பிள்ளை, லக்கலையைச் சேர்ந்த சிங்கள இளைஞர். அவளைப் போலவே ஆசிரியர். ஒரே மாதிரியான சேலைகளின் பட்டியலில் மாப்பிள்ளையின் தாயாரும் இரு சகோதரிகளும் அடக்கம். அவர்களுக்கு அச்செலவு தாங்காது என்பது மகளின் வாதம். வாங்கித் தருகிறோம் என்றால் அவர்கள் மனம் ஏற்காது என்பது அதைவிடப் பெரிய வாதம்.

ஐம்பது ஆண்டுகள் பத்திரிகையில் காலந்தள்ளிய ஒருவனிடம் சேலை விவகாரத்தில் தீர்ப்புக் கேட்டால் அவன் என்ன செய்வான்? பழைய நூல்களைப் புரட்டுவான். அப்படிப் புரட்டியதில் கிடைத்தவற்றையும், லக்கல என்ற பெயரைக் கேட்டதும் எனக்குள் எழுந்த ஒரு பழைய குற்ற உணர்வையும் இங்கே எழுதுகிறேன்.

மலைக்கு அப்பால் ஓர் ஊர்

லக்கலையை அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலேறும் பாதை, றிவஸ்டன் கணவாயின் மூடுபனியைக் கடந்து, பிட்டவல புல்வெளியையும் இலுக்கும்புறவையும் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அந்தக் கிழக்குச் சரிவே லக்கல. மேற்கிலிருந்து பார்ப்பவருக்கு மடக்கிய கைமுட்டியின் கணுக்கள் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் மலைக்கு அப்பெயரை இட்டனர். சிங்களத்தில் அது தும்பறை மலைத்தொடர். 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இலங்கையின் மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமும் ஒரு பகுதி. இராமனின் படை வருவதை இராவணன் தரப்பினர் முதன்முதலில் கண்டது லக்கல மலையிலிருந்துதான் என்று ஒரு கதையும் வழங்குகிறது. சுற்றுலாத் துறையினர் அக்கதையை நன்றாகவே பயன்படுத்துகின்றனர்.

கண்டி இராச்சியத்தின் காலத்தில் இத்தகைய மலைக் கிராமங்களுக்கு உப்பும் கருவாடும் துணியும் பொதிமாட்டின் முதுகில் போயின. அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் 'தவளம்' என்று பெயர். போக்குவரத்தைக் கவனிக்க 'மடிகே' என்ற அரச பிரிவே இருந்தது. அதில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தனர். கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் இருந்த இந்த உறவைப் பற்றிப் பேராசிரியர் லோர்ணா தேவராஜா விரிவாக எழுதியிருக்கிறார். மலைக்கு அப்பால் ஒரு பெண்ணுக்குத் திருமணம் என்றால், அவள் உடுக்கும் துணி பல நாள் நடந்து வந்த துணி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துணி அருமையான பொருளாக இருந்த ஊரில் திருமணச் சடங்கே துணியைச் சுற்றி அமைந்ததில் வியப்பில்லை.

கைதி கண்ட திருமணம்

இதற்கு நல்ல சாட்சி றொபேர்ட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையில்லாச் சிறைவாசம் அனுபவித்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் அவர். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல், கண்டியச் சாதாரண மக்களின் வாழ்வை அறிய இன்றும் முதன்மையான மூலமாக விளங்குகிறது. அரசவையைத் தூர இருந்து கண்டவர் பலர். கிராமத்துக் குடிசையில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்றும், ஊர் ஊராகச் சிறுவணிகம் செய்தும் பிழைத்தவர் அவர். துணியின் விலை அவருக்குத் தெரியும்.

நொக்ஸ் விவரிக்கும் திருமணம் ஒரு துணியில் தொடங்குகிறது. மணமகன் பெண்ணுக்கு மண உடையை அனுப்புகிறான். ஆறேழு யார் நீளமுள்ள ஒரு துணி. அத்துடன் நீலமும் சிவப்பும் இழைத்துத் தையல் வேலை செய்த ஒரு மேற்சட்டை. அவனே நண்பர்களுடன் எடுத்துச் சென்று கொடுப்பதும் உண்டு. பின்னர் மணநாள் குறிக்கப்படுகிறது. அன்று ஒரே கலத்தில் இருவரும் உண்கின்றனர். சிலர் இருவரின் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுவர். வேறு சிலர் பெண் உடுத்திய துணியின் ஒரு தலைப்பை ஆணின் இடையில் சுற்றி, மற்றத் தலைப்பு அவள் உடலில் இருக்க, இருவர் தலையிலும் நீரூற்றுவர். அத்துடன் திருமணம் உறுதியாகிவிடுகிறது. மறுநாள் ஊர் திரும்பும்போது பெண் முன்னே நடக்க, கணவன் பின்னே நடப்பான்.

தமிழ் வாசகருக்கு இதில் அந்நியமானது எதுவும் இராது. யாழ்ப்பாணத்துத் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறைச்சேலை தட்டில் வைக்கப்பட்டு, சபையினரின் ஆசி பெற்ற பின்னரே மணப்பெண்ணின் கைக்கு வருகிறது. அவள் எழுந்து சென்று அதை உடுத்து மீண்டபின்னரே தாலி ஏறுகிறது. மலையகத்தில் பரிசப் புடவையும் முகூர்த்தப் புடவையும் மாப்பிள்ளை வீட்டின் பொறுப்பு. கூறை என்பது துணியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டில் நெசவாளர் கட்டம் போட்டு நெய்த புடவை, தமிழ்நாட்டின் பல சமூகங்களில் நெடுங்காலம் மணப்புடவையாக இருந்தது. கண்டிய மலையிலும் காவிரிக் கரையிலும் யாழ்ப்பாணத்து மணலிலும் ஒரு பெண் மனைவியாவதற்கு முதற்படி, இன்னொரு வீட்டார் தெரிந்தெடுத்த துணியை அவள் ஏற்றுக்கொள்வதுதான்.

நொக்ஸ் போகிற போக்கில் இன்னொரு செய்தியையும் சொல்கிறார். துணி வாங்க வசதியில்லாத ஏழை மணமகன், ஒரு துணியை இரவல் வாங்கிக் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். அதில் யாருக்கும் இழுக்கு இருந்ததாக அவர் குறிப்பிடவில்லை. வழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

இந்த வரியை நான் ஓர் ஆண்டு முன்னதாகப் படித்திருக்கக்கூடாதா என்று பின்னாளில் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

1975

நான் பத்திரிகைக்குப் புதியவன். எங்கள் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோக்கும் பணியில் சிங்கள நண்பர் ஒருவர் இருந்தார். அவர் லக்கலைக்காரர். தங்கையின் திருமணத்துக்கு என்னை அழைத்தார். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். பிறகு வயல் வரப்பில் ஒரு மணி நேர நடை.

அது பங்கீட்டுக் காலம். 1970இல் பதவியேற்ற அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. அரிசி, சீனி போலத் துணிக்கும் கூட்டுறவுக் கடையில் வரிசை. வந்த சீத்தைத் துணியை வாங்கிக் கொள்ள வேண்டும். நிறத்தைத் தெரிவு செய்யும் உரிமை வாங்குபவருக்கு இல்லை. ஓர் ஊரில் ஒரே நிறச் சட்டையில் பத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். இந்நிலையில் மணப்பெண் வெள்ளிச் சரிகை ஓடிய வெண்ணிற ஒசரியில் வந்து நின்றதைக் கண்டு நான் வியந்தேன். நண்பர் ஒளிக்காமல் சொன்னார். சேலை, அடுத்த ஊர்த் தலைமை ஆசிரியரின் மனைவியுடையது. அட்டிகையும் நெற்றிச்சுட்டியும் மூன்று வீடுகளிலிருந்து வந்தவை. அந்த ஒசரியில் அதற்கு முன் ஐந்து பெண்கள் மணமேடை ஏறியிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் அதை ஒரு துணுக்காக எழுதினேன். பங்கீட்டுக் கொள்கையைக் குத்திக்காட்டுவது நோக்கம். அதில் எனக்கு இன்றும் கருத்து மாற்றமில்லை. ஆனால் எழுதியபோது கேலி கொள்கையோடு நிற்காமல் அந்த மணமேடைமீதும் தெறித்துவிட்டது. 'இரவல் மணமகள்' என்று தலைப்பும் இட்டேன். ஊர்ப்பெயரையும் எழுதினேன். இளமைத் திமிர். நண்பர் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரிந்தவர், பொருள் தெரியாது. யாரோ ஒருவர் பொருளையும் விளக்கியிருக்கிறார்.

அவர் என்னிடம் கோபிக்கவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மட்டும், "அந்த அம்மா இப்போது யாருக்கும் சேலை கொடுப்பதில்லை. செய்தி அங்கேயும் போய்விட்டது. எங்கள் ஊரில் அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் மன்னித்ததாகவே சொன்னார். அந்த அடுத்த மணப்பெண் எதை உடுத்தாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. நண்பர் இன்று உயிரோடு இல்லை.

மறு ஆண்டு நூலகமொன்றில் நொக்ஸின் நூலைப் புரட்டியபோது அந்த வரி கண்ணில் பட்டது. முந்நூறு ஆண்டுகளாக ஒரு சமூகம் தன் ஏழைகளின் மானத்தைக் காக்க வைத்திருந்த ஏற்பாட்டை நான் நான்கு அங்குலத் துணுக்கில் கேலி செய்திருந்தேன்.

யார் தெரிந்தெடுத்தார்கள்?

இன்று 'உடைத் தெரிவு' என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்துகிறோம். வரலாற்றில் மணப்பெண்ணுக்கு அந்தத் தெரிவு இருந்ததா என்று பார்த்தால், அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் இருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதலில் சாதி. கண்டி இராச்சியத்தில் துணியின் நீளமே ஒருவரின் நிலையைச் சொல்லும். உயர்குடிப் பெண்ணின் துணி குதிக்கால்வரை இறங்கலாம், தோளையும் மூடலாம். தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. இதைக் கண்டியருக்கே உரிய கொடுமை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பல பதிற்றாண்டுகள் நீடித்து, 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்புக்குப் பிறகே ஓரளவு தணிந்தது. அப்போதும் உயர்சாதியினரைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை தொடர்ந்தது.

அடுத்து அரண்மனை. கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண் எடுத்தனர். வாரிசின்றி இறந்த நரேந்திரசிங்கனுக்குப் பின் 1739இல் அரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினார். அவர் தொடங்கி 1815இல் பிடிபட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்வரை நால்வர், எழுபத்தாறு ஆண்டுகள், தமிழும் தெலுங்கும் பேசிய அரசவையிலிருந்து ஆண்டனர். கண்டிய ஒசரியின் இன்றைய அமைப்பில் அந்த அரண்மனைப் பெண்களின் செல்வாக்கு உண்டு என்று கருதுவோர் பலர். கண்டிய மணப்பெண்ணின் தலையின் இருபுறமும் சூரியனும் சந்திரனும் அமர்ந்திருப்பதைப் பார்க்கும் தமிழர் எவருக்கும் நம் பரதநாட்டியப் பெண்ணின் தலைச்சாமான் நினைவுக்கு வராமற் போகாது. சிங்களத்தில் இரவிக்கைக்கு வழங்கும் 'ஹெட்டய' என்ற சொல்லும் நம் 'சட்டை'யின் உறவு என்பது மொழியறிஞர் கருத்து. மணமகன் அணியும் நிலமே உடையோ அக்காலத்தில் பிரதானிகளுக்கு மட்டும் உரியது. இன்று அதே உடையை எந்தக் குடிமகனும் நாள் வாடகைக்கு எடுத்து ஒருநாள் நிலமேயாக நிற்கிறான். நொக்ஸ் கண்ட இரவல் இன்று பற்றுச்சீட்டோடு நடக்கிறது.

மூன்றாவது, சீர்திருத்தக்காரர். ஆனந்த குமாரசுவாமி 1903இல் கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக இலங்கையில் பணியேற்று, பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது கைவினைகளைக் கண்டெடுத்தார். மலைத்தொடரின் மறுபக்கமான உடதும்பறையில் தலகுனே என்ற ஊரில் பருத்தி நெசவு அழிவின் விளிம்பில் இருந்ததை 1908இல் வெளியான தம் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் பதிவு செய்தார். ஆங்கிலேய ஆலைத்துணி அந்தத் தறிகளின் வேலையைப் பறித்திருந்தது. அதற்கு முன்னரே, 1905இல், ஐரோப்பிய உடையைப் பார்த்து அணியும் இலங்கையரைக் கண்டித்துக் கண்டியிலிருந்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். 'இரவற் சிறகுகள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தின் தலைவரும் அவரே. அநகாரிக தர்மபாலரும் சிங்களப் பெண்கள் கவுனைக் களைந்து சேலைக்குத் திரும்ப வேண்டும் என்று பிரசாரம் செய்தார். கரையோரத்துச் சிங்களப் பெண்களிடையே ஒசரி பரவியதில் அதற்குப் பங்குண்டு. இந்த வரலாற்றை நீரா விக்கிரமசிங்க 2003இல் வெளியிட்ட நூலில் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்.

குமாரசுவாமி மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. தறியை இழந்த நெசவாளிக்காக அவர் பேசியது வெறும் அலங்காரப் பேச்சன்று. எனினும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். அவர் கண்டித்த இரவல், ஆள்பவனைப் போலத் தோன்றுவதற்காக வாங்கிய இரவல். நொக்ஸ் கண்ட இரவல், அயலவர் தந்து திரும்பப் பெற்ற இரவல். 1975இல் நான் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

மெஹந்தி வந்த வழி

நான்காவது சக்தி சினிமா. மெஹந்தி என்ற தனி விழா நம் பாட்டிமாருக்குத் தெரியாது. மருதாணி தெரியும். இலையைப் பறித்து, அம்மியில் அரைத்து, விரல்நுனிக்குத் தொப்பி போட்டு, உள்ளங்கையில் வட்டமாகப் பொட்டு வைத்து, கையை நீட்டிக்கொண்டு உறங்கி, காலையில் யார் கை அதிகம் சிவந்தது என்று பார்க்கும் மகிழ்ச்சி தெரியும். இலங்கை முஸ்லிம்களின் கல்யாண வீட்டில் முதல்நாள் மருதோன்றி இடுவது பழைய வழக்கம். வட இந்தியாவில் அது பாட்டும் ஆட்டமுமாகத் தனிச் சடங்காக வளர்ந்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெளியான 'ஹம் ஆப்கே ஹைன் கோன்', 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' போன்ற இந்திப் படங்கள் அச்சடங்கை உலகெங்கும் கொண்டு சென்றன. செய்மதித் தொலைக்காட்சி அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று தொரன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் கொழும்பிலும் தமிழ்த் திருமணத்துக்கு முன் ஒரு 'மெஹந்தி மாலை' ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது.

வழக்கம் புதிதாக வருவதில் தவறில்லை. நாம் பழையதென்று போற்றும் பலவும் ஒருகாலத்தில் புதிதாக வந்தவையே. ஆனால் உடன்வந்த உடை விதிகளைச் சற்று ஆராய்ந்தால் ஒரு வேடிக்கை புலப்படும். மருதாணி இடும் நாளுக்கு வட இந்திய வீடுகளில் பச்சையும் மஞ்சளும் விரும்பப்பட்டன. பச்சை இலையின் நிறம். சாந்து காயச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை கையை மடக்க முடியாது. சட்டைக் கை முழங்கைக்குமேல் இருக்க வேண்டும். தலைப்பு சரிந்தால் பிடித்துக்கொள்ளக் கையிராது. கறை பட்டால் போகாது. ஆகவே கறை பட்டாலும் கவலையில்லாத எளிய பருத்தி உடையே அந்த நாளுக்குப் பொருத்தம் என்று நடைமுறை அறிவு சொல்கிறது. சினிமாவோ சரிகையும் கண்ணாடியும் பதித்த கனத்த லெஹங்காவை அதே நாளுக்குச் சிபாரிசு செய்கிறது. கறையாகப் போகும் நாளுக்கு அடகு வைத்து உடை வாங்குவது நம் காலத்தின் கண்டுபிடிப்பு.

அடகு என்ற சொல்லை நான் மிகைப்படுத்தவில்லை. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது துணி மலிந்தது, கடனும் மலிந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் விலை சில மாதங்களில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, இந்தியச் சேலையின் விலையும் கூடவே ஏறியது. ஆசிரியர் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. பங்கீட்டுக் காலத்தில் நிறத்தைத் தெரிவு செய்ய முடியாதிருந்தது. இன்று எல்லா நிறமும் கடையில் இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே பச்சையில் வர வேண்டும் என்று நாமே கட்டளையிடுகிறோம்.

லக்கலைக்கு மீண்டும்

இவற்றையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரித்திரம் சரி மாமா, சேலைக்கு என்ன முடிவு?" என்றாள். நியாயமான கேள்வி. மாப்பிள்ளையின் தாயாரிடமே பேசிப் பார்ப்போம் என்று புறப்பட்டோம். பேத்தியும் வந்தாள்.

ஐம்பதாண்டுக்கு முன் நான் இறங்கிய பல்லேகம பழைய பட்டினத்தைத் தேடினால் இன்று காண முடியாது. அம்பன் கங்கையோடு சேரும் களு கங்கையை மறித்து, மொரகஹகந்த திட்டத்தின் அங்கமாக 2010களின் பிற்பகுதியில் நீர்த்தேக்கம் கட்டினார்கள். இரத்தினபுரி வழியே ஓடும் களு கங்கை வேறு, இது வேறு. பழைய கடைவீதியும் வயல்களும் நீருக்குள் போயின. மக்களுக்குப் புதிய நகரும் புதிய குடியிருப்புகளும் அமைந்தன. மாப்பிள்ளையின் குடும்பமும் அவ்வாறு இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒன்று.

தேநீர் வந்தது. மெஹந்தி என்றால் என்னவென்று அந்த அம்மையார் மெல்லக் கேட்டார். அவருடைய இரு மகள்களும் தலை குனிந்திருந்தார்கள். ஒரே நிறச் சேலை பற்றிய பேச்சு அவர்கள் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருக்க வேண்டும். கைக்கு இலை அரைத்துப் பூசுவார்களே, அதுதான் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன்.

"ஓ, மரதோண்டி!" என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு மெய் சிலிர்த்தது. மருதாணிக்குச் சிங்களப் பெயர் அதுதான். நம் மருதோன்றியே மலையேறி மரதோண்டியாகியிருக்கிறது. எந்தத் தவளத்தின் முதுகில், எந்த நூற்றாண்டில் ஏறிய சொல்லோ! வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்று ஒரு செடியைக் காட்டினார். பழைய வீடு நீரில் மூழ்குமுன் கிணற்றடியிலிருந்து ஒடித்துவந்த கிளையாம். கதவு, நிலை, ஓடு என்று ஆண்கள் ஏற்றிக்கொண்டிருந்தபோது தான் இதை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

பேத்தி அப்போதுதான் வாய் திறந்தாள். "அம்மா, உங்களிடம் பச்சை நிறத்தில் ஏதாவது சேலை இருக்கிறதா? அன்று ஒருநாள் உடுத்த எனக்கு இரவல் தருவீர்களா?"

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. மருமகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த அம்மையார் உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டது. திரும்பியபோது கையில் ஒரு கைத்தறிச் சேலை இருந்தது. இலைப்பச்சை, மெல்லிய கறுப்புக் கரை. ஆசிரியப் பயிற்சி முடித்த மூத்த மகள் முதற் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்ததாம். "மரதோண்டி பட்டால் கறை போகாதே, மகள்" என்று பேத்தியிடம் சொன்னார். "பட்டால் இருக்கட்டும். திருப்பித் தரும்போது அடையாளமாக இருக்கும்" என்றாள் அவள்.

லெஹங்கா கைவிடப்பட்டது என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். அது வரவேற்புக்கு மாற்றப்பட்டது. தாயின் மனமும் தாயின் மனந்தானே. ஆனால் ஒரே மாதிரியான சேலைகள் வாங்கப்படவில்லை. பச்சையில் யாரிடம் எது இருக்கிறதோ அதை உடுத்து வருவதென்று முடிவாயிற்று. கார்த்திகையில் மாத்தளை வீட்டின் பின்முற்றத்தில் பாசிப்பச்சையும் கிளிப்பச்சையும் வெளிறிய பச்சையுமாகப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். லக்கலையிலிருந்து ஒரு பை நிறைய இலை வந்திருந்தது. கூம்புக்குழாயோடு வந்த பெண் மணப்பெண்ணின் கையில் மயிலும் கொடியும் வரைந்தாள். மற்றவர்கள் அரைத்த இலையில் பழைய முறைப்படி தொப்பியும் பொட்டும் வைத்துக்கொண்டார்கள். எனக்கும் சுண்டுவிரலில் ஒன்று வைத்தார்கள்.

சேலையில் கறை பட்டது; வலது முழங்கால் இருக்கும் இடத்தில், ஒரு சதம் அளவுக்கு. மணமகன் வீட்டு விருந்துக்கு லக்கல போனபோது பேத்தி அதைத் தானே மடித்து எடுத்துச் சென்று கொடுத்தாள். அந்த அம்மையார் விரித்துப் பார்த்து, கறையைக் கண்டு, மீண்டும் மடித்து உள்ளே வைத்தார்.

இதை எழுத இரு வீட்டாரிடமும் அனுமதி கேட்டேன். 1975இல் கேட்காத அனுமதி. மாப்பிள்ளை வீட்டாருக்கு முழுவதையும் சிங்களத்தில் வாசித்துச் சொன்னேன். அந்த அம்மையார் ஒரேயொரு திருத்தம் சொன்னார். சேலையின் கரை கறுப்பன்று, கருநீலம். வெளிச்சத்தில் பார்த்தால் தெரியுமாம்.

திருத்திக்கொள்கிறேன்: கருநீலக் கரை.